கொழும்பை விட்டு எங்கே போவது? தம்பதியர் இருவரும் சேர்ந்து ஊர் தெரிவு செய்யும் முறை

கொழும்பில் வாடகைக்கு இருக்கும் தம்பதியர் இடம் மாற நினைத்தால், பேச்சு பெரும்பாலும் மாவட்டப் பெயரில்தான் தொடங்கும். யாழ்ப்பாணமா, மட்டக்களப்பா, கண்டியா, இல்லை வத்தளையோடு நிறுத்திவிடலாமா? தெரிவு செய்வதற்கு மாவட்டம் மிகப் பெரிய அலகு. நல்லூரும் நெடுந்தீவும் ஒரே மாவட்டம். கல்லடியும் வாகரையும் ஒரே மாவட்டம். ஆனால் அன்றாட வாழ்க்கை ஓர் ஒழுங்கையையும் ஒரு கிணற்றையும் பத்து நிமிடத்தில் போய்வரக்கூடிய ஒரு மருந்துக் கடையையும் சுற்றித்தான் நடக்கிறது. அதனால் முதலில் இருவரின் கட்டாயங்கள், பிறகு பிரதேசம், பிறகு கிராம அலுவலர் பிரிவு, கடைசியில் வீடு என்று வாருங்கள். "நல்ல வீடு ஒன்று மலிவாக வந்திருக்கிறது" என்பதில் தொடங்கினால் மற்ற எல்லாக் கேள்விகளுக்கும் அந்த வீட்டுக்கு ஏற்றபடியே பதில் சொல்லிக்கொள்வீர்கள்.

முதலில் இரண்டு தாள்கள்

இருவரும் தனித்தனியாக, ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்காமல் எழுதுங்கள். தாளில் மூன்று நிரல்கள் போதும்: இது இல்லாமல் முடியாது, இருந்தால் நல்லது, இதை ஏற்கவே மாட்டேன். முதல் நிரலில் நான்குக்கு மேல் வேண்டாம், மூன்றாவதில் மூன்றுக்கு மேல் வேண்டாம். எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தாவிட்டால் எல்லாமே கட்டாயம் ஆகிவிடும். பிறகு எந்த ஊரும் தேறாது.

எழுதுவது அளக்கக்கூடியதாக இருக்க வேண்டும். "நல்ல வைத்திய வசதி" என்று எழுதாதீர்கள். "இரவு 11 மணிக்கு அம்மாவுக்கு மூச்சு முட்டினால் அரை மணித்தியாலத்துக்குள் அவசர சிகிச்சைப் பிரிவு" என்று எழுதுங்கள். "அமைதியான இடம்" என்பதற்குப் பதிலாக "பிரதான வீதியிலிருந்தும் கோயில் ஒலிபெருக்கியிலிருந்தும் 300 மீற்றர் தள்ளி" என்று எழுதுங்கள். இரண்டு மூன்று நாள் கழித்துத் தாள்களைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மூன்றாவது நிரலில் ஒருவர் எழுதியிருப்பதை மற்றவர் அன்றைக்கு மறுத்துப் பேசக்கூடாது. காரணம் கேட்கலாம், வாதாடக்கூடாது.

இனி, தாளில் யாரும் எழுதாத ஒரு விஷயம். பார்க்கும் ஊர் இருவரில் ஒருவருக்குச் சொந்த ஊராக இருந்தால், அங்கே இருவரும் ஒரே மாதிரியாகக் குடியேறப் போவதில்லை. ஒருவர் வீட்டுக்குத் திரும்புகிறார். மற்றவர் மருமகளாகவோ மருமகனாகவோ போய் இறங்குகிறார். முன்னவருக்குப் பள்ளித் தோழர்கள், கோயில், உறவு எல்லாம் தயாராக இருக்கும். பின்னவருக்கு அறிமுகம் எல்லாம் "இன்னாருடைய பெண்சாதி", "இன்னாருடைய புருஷன்" என்றுதான் அமையும். பல இடமாற்றங்கள் பணத்தால் அல்ல, இதனால்தான் கசக்கின்றன. ஆகவே மூன்றை முன்கூட்டியே பேசித் தீர்த்துவிடுங்கள்: மாமியார் வீட்டிலிருந்து எவ்வளவு தூரம் (ஒரே வளவா, நடை தூரமா, மோட்டார் சைக்கிளில் பதினைந்து நிமிடமா), அந்த வீட்டுச் சாவி யார் யாரிடம் இருக்கும், ஊர் புதிதானவருக்கு அங்கே தனக்கென்று வேலையோ வகுப்போ நட்போ எங்கிருந்து வரும். மூன்றாவதற்குப் பதில் இல்லையென்றால் அந்த ஊரைப் பட்டியலில் கீழே இறக்குங்கள்.

வருமானம் எத்தனை மணித்தியாலம் தாங்கும்

இருவரில் யாருடைய வேலை இடம் மாறும், யாருடையது மாறாது என்பதைப் பிரித்துப் பாருங்கள். அரச ஊழியர் என்றால் இடமாற்றக் கடிதம் கையில் வரும்வரை வீட்டு முற்பணம் கொடுக்க வேண்டாம். வங்கி, காப்புறுதி போன்ற தனியார் வேலைகளில் கிளை மாற்றம் கிடைத்தாலும் கொழும்பில் கிடைத்த கொமிஷனும் மேலதிகக் கொடுப்பனவும் அங்கே கிடைக்குமா என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

வீட்டிலிருந்து வேலை செய்கிறவர் மாதத்தில் எத்தனை முறை கொழும்புக்கு வர வேண்டும் என்பதே தூரத்தைத் தீர்மானிக்கும். வீதி வழியாக யாழ்ப்பாணம் ஏறத்தாழ 400 கிலோமீற்றர், மட்டக்களப்பு 300க்குச் சற்று மேல், திருகோணமலையும் வவுனியாவும் 250ஐச் சுற்றி, கண்டி 115. யாழ்ப்பாணத்திலிருந்து இரவு பஸ்ஸில் வந்து வேலை பார்த்து மறுநாள் இரவே திரும்பலாம். மாதம் ஒரு முறை அது சரிவரும். வாரம் ஒரு முறை என்றால் உடம்பு தாங்காது. தாங்கினாலும் வீட்டில் இருக்கும் மற்றவர் தனியாளாகிவிடுவார். மாதம் இரண்டுக்கு மேல் வர வேண்டியிருந்தால் நீர்கொழும்பு, சிலாபம், குருநாகல், கண்டி என்ற வட்டத்துக்குள் தேடுங்கள்.

இணையத்தை நிறுவனத்தின் வரைபடத்தை நம்பி முடிவு செய்யாதீர்கள். பைபர் இணைப்பு அந்த ஊரில் இருக்கலாம். அந்த ஒழுங்கையின் கம்பத்தில் இடம் இல்லாமல் இருக்கலாம். பக்கத்து வீட்டில் இணைப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். இரண்டு வேறு நிறுவன சிம்களோடு போய், இரவு 8 மணிக்கும் 10 மணிக்கும் இடையில், வீட்டின் உள்ளறையில், கதவைச் சாத்திக்கொண்டு வீடியோ அழைப்பு எடுத்துப் பாருங்கள். கல் சுவரும் கொங்கிறீற் தட்டும் உள்ள வீடுகளில் முற்றத்தில் கிடைக்கும் சிக்னல் அறைக்குள் கிடைக்காது.

தண்ணீர்

கொழும்பில் குழாயைத் திறந்து பழகியவர்கள் கடைசியாகக் கேட்கும் கேள்வி இது. வடக்கிலும் கிழக்கிலும் வடமத்திய எல்லையிலும் முதலில் கேட்க வேண்டியது இதுதான்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. நிலத்தடிச் சுண்ணாம்புக்கல் மழைநீரைத் தேக்கி வைக்கிறது. அந்த நன்னீர் உவர்நீருக்கு மேலே மிதக்கிறது. மோட்டார் போட்டு அதிகமாக இறைத்தால் கீழிருந்து உவர் ஏறும். தீவுப் பகுதிகளிலும் கரையோரங்களிலும் இது அதிகம். சுண்ணாம்புக்கல்லில் வெடிப்புகள் இருப்பதால் மலசலகூடக் குழியிலிருந்தும் தோட்டத்து உரத்திலிருந்தும் நைத்திரேற்று எளிதாகக் கிணற்றில் சேரும். வலிகாமத்தின் தோட்டப் பகுதிகளில் இதை அவசியம் பரிசோதிக்க வேண்டும். குடிநீரில் நைத்திரேற்றின் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். கொதிக்க வைத்தால் அது போகாது. நீர் ஆவியாவதால் செறிவு கூடும். ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்குப் பால்மா கரைக்க இந்த நீரைப் பயன்படுத்தினால் இரத்தம் ஒட்சிசனைக் கொண்டுசெல்லும் திறன் குறையும். குழந்தை பெற நினைக்கும் தம்பதியர் இதைத் தள்ளிப் போடக்கூடாது. தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2024இல் திறக்கப்பட்டது. குழாய் உங்கள் ஒழுங்கை வரை வந்திருக்கிறதா, எத்தனை மணித்தியாலம் நீர் வருகிறது என்று தனியாகக் கேளுங்கள்.

வவுனியா, அநுராதபுரம் பக்கம் பிரச்சினை வேறு: புளோரைட்டும் கடினத்தன்மையும். புளோரைட் லீற்றருக்கு 1 மில்லிகிராமுக்கு மேல் போனால் இலங்கைத் தரத்தில் அது குடிநீர் அல்ல. வளரும் பிள்ளைகளின் பற்களில் கறை விழும். சிறுநீரக நோய் பரவலாக உள்ள பகுதிகளும் இந்தப் பக்கம்தான். பின்சவ்வூடுபரவல் (RO) முறையில் சுத்திகரித்த நீரை விற்கும் நிலையங்கள் இங்கே ஊருக்கு ஊர் உண்டு. உங்கள் வீட்டிலிருந்து அது எவ்வளவு தூரம், இருவருக்கும் குடிக்கவும் சமைக்கவும் நாளுக்கு 10 லீற்றர் என்று வைத்தால் யார் சுமப்பது என்பதையும் யோசியுங்கள்.

பரிசோதனைக்கு தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் பிராந்திய ஆய்வுகூடத்தை அணுகலாம். இரசாயனப் பரிசோதனைக்கு ஒரு லீற்றர் சுத்தமான பிளாஸ்டிக் போத்தல். கிருமிப் பரிசோதனைக்கு ஆய்வுகூடமே தரும் கிருமிநீக்கிய போத்தல். மோட்டாரை ஐந்து நிமிடம் ஓடவிட்டு, தாங்கியிலிருந்து அல்லாமல் கிணற்றுக் குழாயிலிருந்தே பிடியுங்கள். கிருமிப் பரிசோதனைக்கான போத்தலைக் குளிராக வைத்து அன்றைக்கே கொடுங்கள். நைத்திரேற்று, புளோரைட், கடினத்தன்மை, மொத்தக் கரைந்த திண்மம், கோலிபோம் கிருமி ஐந்தையும் கேளுங்கள். மாதிரி எடுக்கும் மாதமும் முக்கியம்: உவர்த்தன்மையை ஓகஸ்ட், செப்டெம்பரில் பாருங்கள்; கிருமியை மாரி தொடங்கிய பிறகு பாருங்கள். கிணற்றுக்கும் மலசலகூடக் குழிக்கும் இடையே குறைந்தது 15 மீற்றர் வேண்டும். சுண்ணாம்புக்கல் நிலத்தில் அதுவும் போதாது. அயல்வீட்டுக் குழியையும் சேர்த்து அளக்க மறக்காதீர்கள்.

மோசமான மாதத்தில் போய்ப் பாருங்கள்

நல்லூர்த் திருவிழாவுக்கோ ஏப்ரல் விடுமுறைக்கு நுவரெலியாவுக்கோ போய்விட்டு வந்து ஊரைத் தெரிவு செய்ய முடியாது. ஒவ்வொரு பகுதிக்கும் அதன் கடினமான காலம் ஒன்று உண்டு.

யாழ்ப்பாணத்துக்கு இரண்டு: சோளகக் காற்றுக் காலத்தின் கடைசியில், கிணறு தாழும் செப்டெம்பர், ஒழுங்கைகளில் வெள்ளம் நிற்கும் நவம்பர். மட்டக்களப்புக்கு டிசம்பர், ஜனவரி வெள்ளம். ஜூன், ஜூலை கச்சான் காற்றும் வெக்கையும். வாவிக்கு மேற்கே படுவான்கரையில் பார்க்கும் வீடு என்றால் வெள்ள நாளில் நகரத்துக்கு வரும் பாதை திறந்திருக்குமா என்பதுதான் முதல் கேள்வி. வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில் கடல் எவ்வளவு பக்கம் என்பதைக் கேளுங்கள். 2004 டிசம்பர் சுனாமியில் நீர் எதுவரை வந்தது என்பதை அந்த ஊரார் கைகாட்டிச் சொல்வார்கள். ஹற்றன், கொட்டகலைப் பக்கம் தென்மேற்குப் பருவம் முழு வேகத்தில் இருக்கும் ஜூன், ஜூலையில் போங்கள். துணி நாட்கணக்கில் காயாது, சுவரில் பூஞ்சணம் ஏறும், மூச்சு நோய் உள்ளவருக்கு அது பெரும் சோதனை. பதுளை, பண்டாரவளை மலையின் மறுபக்கம். அங்கே மழை ஒக்டோபர் முதல் ஜனவரி வரை. ஒரே மலையகம் என்று பொதுவாகப் பேசுகிறோம், மழைக்காலம் மட்டும் இரண்டு. டெங்கும் பருவத்தோடு வரும்: கொழும்பு, கம்பஹாவில் மே முதல் ஜூலை வரை கூடுவது, வடக்கு கிழக்கில் டிசம்பர், ஜனவரியில் கூடும்.

மலையகத்தில் வீடு பார்க்கிறவர்கள் மண்சரிவைப் பற்றிக் கேட்காமல் ஒரு சதமும் கொடுக்க வேண்டாம். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன்கள் அப்படியே புதைந்தன. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கண்டி, பதுளை, நுவரெலியா, மாத்தளை மாவட்டங்களில் செய்ததை எல்லோரும் பார்த்தோம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அபாய வலய வரைபடங்களை வைத்திருக்கிறது. அதன் மாவட்ட அலுவலகத்தில் அந்தக் காணி எந்த வலயத்தில் வருகிறது என்று கேளுங்கள். கண்ணால் பார்க்கவும் சில அடையாளங்கள் உண்டு: வீட்டின் பின்னால் செங்குத்தாக வெட்டிய மண்திட்டு, சாய்ந்து நிற்கும் மரங்கள், சுவரில் படிக்கட்டு மாதிரி ஓடும் வெடிப்பு, திடீரென்று மூட மறுக்கும் கதவு, கலங்கி வரும் ஊற்று. இவற்றில் இரண்டு சேர்ந்து தெரிந்தால் வாடகை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அந்த வீடு வேண்டாம்.

போய்த் தங்கும்போது ஹோட்டலில் அல்ல, குடியிருப்புக்குள் ஓர் அறை எடுத்து ஐந்து முதல் ஏழு நாள் இருங்கள். அதில் குறைந்தது நான்கு வார நாட்கள் வேண்டும். காலை ஆறு மணிக்குச் சந்தைக்குப் போங்கள். ஏழு மணி பஸ்ஸில் வேலைத்தலம் வரை போய் வாருங்கள். அரச வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவில் ஒரு சாதாரணத் தடிமனுக்காவது துண்டு எடுத்துக் காத்திருந்து பாருங்கள். இரவு எட்டு மணிக்கு இருவரும் அந்த ஒழுங்கையில் நடவுங்கள். தெருவிளக்கு எரிகிறதா, பெண் ஒருவர் தனியாக அந்த நேரத்தில் நடக்கிறாரா என்று கவனியுங்கள். அயலில் மூன்று வீடுகளில் ஒரே இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்: மழைக்கு எதுவரை தண்ணீர் நிற்கும், கிணறு எந்த மாதம் வற்றும்? பதில்கள் ஒத்துப் போகாவிட்டால் சுவரில் வெள்ளக்கறையைத் தேடுங்கள். ஊர் புதிதானவர் ஒரு முழு நாள் துணையில்லாமல் எல்லா வேலையும் பார்க்க வேண்டும். அந்த நாளுக்குப் பிறகு அவர் சொல்வதே இந்தப் பயணத்தின் மிக முக்கியமான முடிவு.

வைத்தியம், மொழி, பாடசாலை

யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, அநுராதபுரம், குருநாகல் ஆகிய இடங்களில் போதனா வைத்தியசாலைகள் உள்ளன. கண்டியில் தேசிய வைத்தியசாலை. புற்றுநோய்ச் சிகிச்சை தொடர்கிறவர்களுக்கு மஹரகமை மட்டுமே வழி அல்ல. தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் அதற்குரிய பிரிவு இருக்கிறது. இருவருக்கும் பெற்றோருக்கும் உள்ள நோய்களை எழுதி, ஒவ்வொன்றுக்கும் கிளினிக் எங்கே, எந்தக் கிழமை என்று ஊரில் கேட்டு எழுதுங்கள். விசேட வைத்திய நிபுணர் வாரத்தில் ஒரு நாள் மட்டும் வரும் நகரங்கள் உண்டு.

வடக்கு, கிழக்கில் பிரதேச செயலகமும் பொலிஸும் தமிழில் பேசும் என்ற எதிர்பார்ப்போடு போகலாம். மற்ற மாகாணங்களில் நிர்வாகம் சிங்களத்தில்; இருமொழிப் பிரிவுகளாக அறிவிக்கப்பட்டவை சில. கண்டியிலோ மாத்தளையிலோ குடியேறும்போது இருவரில் ஒருவருக்காவது படிவம் நிரப்பும் அளவுக்குச் சிங்களம் தெரிந்திருந்தால் பாதிச் சிரமம் குறையும். இருவருக்கும் தெரியாதென்றால் போவதற்கு ஆறு மாதம் முன்பே படிக்கத் தொடங்குங்கள்.

பிள்ளை பிறந்து நடக்கத் தொடங்குவதற்குள் ஊரை முடிவு செய்வது நல்லது. முதலாம் ஆண்டில் சேர ஜனவரி 31இல் ஐந்து வயது நிரம்பியிருக்க வேண்டும். வதிவிட அடிப்படையில் விண்ணப்பிக்கும்போது முந்திய ஐந்து ஆண்டு வாக்காளர் இடாப்புப் பதிவுகளுக்குப் புள்ளி உண்டு. நான்கு வயதுப் பிள்ளையோடு போய் இறங்கினால் அந்தப் புள்ளிகளில் பெரும்பகுதி போய்விடும். உயர்தரம் என்றால் இன்னொரு கணக்கு: பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்டப் பங்கு, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. வடக்கு கிழக்கின் எல்லா மாவட்டங்களும் நுவரெலியா, பதுளை, புத்தளம் முதலியவையும் அந்தப் பின்தங்கிய பட்டியலில் வருகின்றன; கொழும்பு, கண்டி வரவில்லை. இதற்காகவே மாவட்டம் மாறுவது பிள்ளைக்கு நல்லதல்ல. வேறு காரணங்களால் மாறுகிறவர்கள் தெரிந்து வைத்திருந்தால் போதும்.

பணக் கணக்கு

வாடகை பாதியாகக் குறைகிறது என்பதோடு கணக்கை மூடிவிடாதீர்கள். பன்னிரண்டு மாதத்துக்கு எழுதுங்கள்: வாடகை, முற்பணம், லொறிக் கூலி, தண்ணீர்த் தாங்கி, மோட்டார், குடிநீர்ச் செலவு, மின்பட்டியல், வாகனம், கொழும்புப் பயணங்கள், அந்தப் பயணங்களில் தங்கும் செலவு. கொழும்பில் பஸ்ஸும் ஓட்டோவும் போதும்; ஊரில் இருவருக்கும் தனித்தனியே வாகனம் இல்லாவிட்டால் ஒருவர் வீட்டோடு முடங்கிவிடுவார். ஊருக்குள் போனதும் கூடும் இன்னொரு செலவு கலியாணம், சாமத்தியவீடு, செத்தவீடு, கோயில் உபயம். வெள்ளவத்தைத் தொடர்மாடியில் இருக்கும்போது ஒரு தொலைபேசி அழைப்போடு முடித்துக்கொண்டவற்றுக்கெல்லாம் அங்கே நேரில், கையில் உறையோடு போக வேண்டும். அதற்கென்று ஒரு வரி ஒதுக்குங்கள். கடைசியாக, ஆறு மாதச் செலவும், திரும்பி வர நேர்ந்தால் லொறிக் கூலியும் கொழும்பு வீட்டு முற்பணமும் தொடாத பணமாக இருக்க வேண்டும். அது இல்லையென்றால் புறப்படும் திகதியைத் தள்ளுங்கள்.

வாங்க அவசரம் வேண்டாம்

ஒரு மாரியும் ஒரு கோடையும் வாடகைக்கு இருந்து பார்த்த பிறகே காணி வாங்குங்கள். வடக்கில் வாங்கும்போது கவனிக்க வேண்டியவை சில: தேசவழமைக்கு (யாழ்ப்பாணத் தமிழரின் மரபுச் சட்டம்) உட்பட்ட மணமான பெண் தன் காணியை விற்கக் கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். பங்குக் காணி என்றால் மற்றப் பங்காளிகளுக்கு முன்கொள்வனவு உரிமை, அதாவது முதலில் வாங்கும் உரிமை, உண்டு; அவர்களுக்கு முறைப்படி அறிவிக்காமல் எழுதிய உறுதி பிறகு வழக்கில் மாட்டும். உரிமையாளர் கனடாவிலோ இலண்டனிலோ இருந்து அற்றோணித் தத்துவத்தில் விற்கிறார் என்றால், தத்துவம் பதிவு செய்யப்பட்டதா, கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்று வீடியோ அழைப்பிலாவது பாருங்கள். கொடுத்தவர் இறந்தால் தத்துவமும் முடிந்தது. கிழக்கிலும் வன்னியிலும் அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணிகள் நிறைய. பிரதேச செயலாளரின் அனுமதியில்லாமல் அவற்றைக் கைமாற்ற முடியாது. எங்கே வாங்கினாலும் காணிப் பதிவகத்தில் முப்பது ஆண்டுப் பதிவைச் சட்டத்தரணி தேடிப் பார்க்கட்டும். விற்பவரின் சட்டத்தரணி அல்ல, உங்களுடையவர். முத்திரைத் தீர்வைக்கு முதல் ஒரு இலட்சத்துக்கு 3 வீதம், மிகுதிக்கு 4 வீதம் என்று கணக்கில் வையுங்கள்.

வீடு முடிவானதும் செய்ய வேண்டியவை: கிராம அலுவலரைச் சந்தித்து வதிவைப் பதியுங்கள், பழைய இடத்து வாக்காளர் இடாப்பிலிருந்து புதிய இடத்துக்கு இருவர் பெயரையும் மாற்றுங்கள், தொடரும் கிளினிக்குகளுக்கு இடமாற்றக் கடிதமும் மருந்துப் புத்தகத்தின் பிரதியும் வாங்குங்கள், குறைந்தது ஒரு மாத மருந்தைக் கையில் வைத்திருங்கள். வாடகை ஒப்பந்தத்தில் இருவர் பெயரும் இருக்கட்டும். மின்மானியின் வாசிப்பையும் கிணற்று மோட்டாரின் நிலையையும் சாவி வாங்கும் அன்றே படம் எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடுங்கள்.